சலுகை அன்று, உரிமை!

1956-ஆம் ஆண்டில் இந்நகரின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் கணிப்பொறி இயங்கத் தொடங்கியபோது, அது ஒரு பெரிய நிறுவனத்தின் சொத்து. இன்றோ, உதவித்தொகையில் மிச்சம் பிடித்து, சாந்தினி சௌக் கடைத்தெருவில் பிராசசரும் மதர்போர்டும் தனித்தனியே வாங்கி, விடுதி அறையில் நாமே பூட்டிக்கொள்கிறோம். வாங்கும் வரை நாம் மன்னர்கள். பழுது வந்தால்?

என் விடுதி நண்பர் இருவரின் பிராசசர்கள் சென்ற ஆண்டு பழுதாயின. இருவேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். ஒருவருக்கு இரண்டே மின்கடிதங்களில் புதியது வந்து சேர்ந்தது. மற்றவரோ, "மெமரியை மாற்றிப் பார்த்தீரா? போர்டை மாற்றிப் பார்த்தீரா?" என்ற கேள்விகளுக்கே ஒரு மாதம் விடை எழுதினார். முடிவில், "உம்முடையது பெட்டியில் வந்ததன்று, உதிரியாக விற்றது. கடைக்காரரைக் கேளும்" என்றார்கள். கடைக்காரர் நிறுவனத்தைக் கைகாட்டினார். நடுவில் நின்றுபோனது ஓர் ஆராய்ச்சி மாணவரின் மூன்று மாத உழைப்பு!

கேள்வி கேட்பதை நான் குறை கூறவில்லை. மெமரியின் கோளாறும் பிராசசரின் கோளாறும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், மாற்றிப் பார்க்க இன்னொரு போர்டுக்கு மாணவன் எங்கே போவான்? மெய்ப்பிக்கும் சுமையைக் கருவியற்றவன் தலையில் ஏற்றுவது நீதியா?

1994-இல் பென்டியம் பிராசசர் சில வகுத்தல் கணக்குகளில் பிழை செய்வதை அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். சாதாரணமாகப் பயன்படுத்துவோர்க்கு 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே பிழை நேரும் என்றது இன்டெல் நிறுவனம். தேவையை மெய்ப்பித்தவர்க்கே மாற்றித் தருவோம் என்றும் சொன்னது. எதிர்ப்பு மூண்டது. டிசம்பர் 20 அன்று, கேட்போர் அனைவருக்கும் மாற்றித்தர இசைந்தது. அதற்காக ஏற்ற செலவு 47 கோடியே 50 லட்சம் டாலர்! 2024-இல் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் நிலைகுலைந்தபோது, அதே நிறுவனம் உத்தரவாதக் காலத்தை இரண்டாண்டு நீட்டியது. பலர் சேர்ந்து கேட்டால் பாறையும் அசையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தோழர்களே! உத்தரவாதம் எவர் தருவது என்று வாங்கும்போதே கேளுங்கள். பெட்டியையும் ரசீதையும் காப்பாற்றுங்கள். நம் சங்கமும் ஒரு காரியம் செய்யலாம். நம்மிடையே மிகுதியாக வழங்கும் வகைகளுக்கு நல்ல போர்டும் மெமரியும் பொதுவில் வாங்கி வைக்கலாம். பழுது எதில் என்பதை நாமே சோதித்து எழுதினால், எந்த நிறுவனமும் நம்மை அலைக்கழிக்க முடியாது.

கொடுத்த காசுக்கு நல்ல பொருள் கேட்பது யாசகம் அன்று. நிமிர்ந்து கேட்போம், சேர்ந்து கேட்போம்!