மருந்து மாணாக்கர்களின் பயிற்சி

நூலாலைகளாலும் பம்பு செட்டுகளாலும் பெயர் பெற்ற கோவை, இன்று அயல் ஜில்லாக்களிலிருந்து நோயாளிகள் நாடி வரும் வைத்திய நகரமாகவும் விளங்குகிறது. பீளமேடு முதலிய இடங்களில் பெரிய ஆஸ்பத்திரிகளை அடுத்துப் பார்மஸி கல்லூரிகள் ஏற்பட்டிருக்கின்றன. ஈரோடு, குமாரபாளையம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களிலும் இக்கல்வி பரவியிருக்கிறது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளரின் பெண்மக்களும் இங்கே நான்காண்டு பி.பார்ம். படிக்கிறார்கள். அவர்கள் தொழிலிடங்களில் பெறும் பயிற்சியைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இக்கல்வி நமக்கு எளிதில் கிடைத்ததன்று. போலி மருந்துகளும் பயிலாத கம்பவுண்டர்களும் மலிந்திருந்த நிலையை, 1930-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கர்னல் சோப்ரா கமிட்டி ஆராய்ந்தது. 1932-இல் காசி ஹிந்து சர்வகலாசாலையில் மகாதேவ லால் ஷராஃபின் முயற்சியால் மருந்தியல் படிப்பு தொடங்கியது. மருந்துச் சட்டம் 1940-இலும், பார்மஸி சட்டம் 1948-இலும் நிறைவேறின. வைத்தியரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு, பதிவு பெற்ற மருந்தாளுநரையே சாரும் என்பது பின்னதன் 42-ஆம் பிரிவின் சாரம். இத்தகைய பொறுப்பை ஏற்கப்போகிறவனுக்குத் தொழிலிடத்தில் எவ்வளவு பயிற்சி விதிக்கப்பட்டிருக்கிறது?

கணக்கைப் பார்த்தால் வியப்பே உண்டாகிறது. டிப்ளமா மாணாக்கனுக்கு மூன்று மாதங்களுக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதில் 250 மணியேனும் சீட்டைப் பார்த்து நேரடியாக மருந்து வழங்குவதிலேயே கழிய வேண்டும். ஆறாண்டு பார்ம்.டி. மாணாக்கனோ கடைசி ஓராண்டு முழுவதும் ஆஸ்பத்திரியில் பணி பயில்கிறான். அதில் ஆறு மாதம் பொது வைத்தியப் பகுதியில். இவ்விருவருக்கும் இடையில் நிற்கும் பட்டப்படிப்பு மாணாக்கனுக்கு, 2014-ஆம் ஆண்டு விதிகள் ஆறாம் பருவத்தின் முடிவில் நான்கு வாரங்களில் 150 மணி நேரமே குறித்தன. அதற்கும் "விரும்பத்தக்கது" என்று தலைப்பிட்டிருந்தார்கள்! ஏழாம் பருவத்தில் ஏதேனும் ஒரு துறையில் பயிலும் மற்றோர் 150 மணியைக் கூட்டினாலும், டிப்ளமாக்காரன் பெறும் அளவை அவன் எட்டவில்லை.

அந்த நான்கு வாரங்களேனும் பயன்படுகின்றனவா? நல்ல ஆசிரியரும் நல்ல மேற்பார்வையாளரும் வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் கண்ணாடிக்கு அப்பால் மாத்திரை இயந்திரம் ஓடுவதைப் பார்த்து நிற்கிறார்கள். அல்லது மருந்துப் பெட்டிகளை அலமாரியில் அடுக்குகிறார்கள். பஸ் சத்தமும் பகலுணவும் வீட்டுப் பணம். முடிவில் கையொப்பமிட்ட சான்றிதழ் ஒன்று வருகிறது, கல்வி வருவதில்லை. ஒருபுறம் கூலியில்லா வேலை, மறுபுறம் வேலையில்லாச் சான்று. இரண்டையும் பயிற்சி என்று அழைப்பது தகாது.

இது மாணாக்கரின் குறை மாத்திரமன்று. ஜனங்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கீல்வாதத்திற்கு வாரம் ஒருமுறை உண்ண வேண்டிய மீதோட்ரெக்சேட் மாத்திரையைப் பொள்ளாச்சிப் பக்கத்துக் கிழவர் ஒருவர் தினந்தோறும் உண்டால் அதுவே நஞ்சாகும். மருந்துக் கடையில் நிற்பவன் அதை எடுத்துச் சொல்லும் பழக்கத்தைப் புத்தகத்திலிருந்து மட்டும் பெற முடியாது. தொழிற்சாலையின் நிலையும் அப்படியே. 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த திரவ மருந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. அதே நஞ்சு கலந்த இருமல் மருந்து, நமது காஞ்சிபுரம் ஜில்லாவில் தயாராகி, 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. மூலப்பொருளைச் சோதிக்காமல் உள்ளே விடலாகாதென்பதைக் கையால் செய்து பழகியவர்கள், சோதனைச்சாலை தோறும் நமக்கு வேண்டும்.

ஆஸ்பத்திரிகளுக்கு அவகாசமில்லை, தொழிற்சாலைகளுக்குத் தொழில் இரகசியமுண்டு என்று சிலர் சொல்லக்கூடும். வைத்திய மாணாக்கனுக்கு ஓராண்டு பயிற்சி கட்டாயமாக இருக்கிறதே. அதனால் ஆஸ்பத்திரிகள் மூடிவிட்டனவா? பயின்றவர்கள் வேண்டுமென்று கேட்கும் முதலாளிகளே பயிற்றுவிக்க மறுப்பது, விதைக்காமல் அறுவடை கேட்பதாகும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. பட்டப்படிப்புப் பயிற்சி டிப்ளமாவின் 500 மணிக்குக் குறையாமல் கட்டாயமாக்கப்பட வேண்டும். மாணாக்கன் படித்த சீட்டுகளையும், கண்ட பிழைகளையும், செய்த சோதனைகளையும் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுத, பொறுப்பான மருந்தாளுநர் அதைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். பயிற்சிக்கென எவரும் மாணாக்கரிடம் பணம் பெறலாகாது. வழிச்செலவுக்கும் உணவுக்குமேனும் உதவித்தொகை அளிக்க வேண்டும். கோவை அரசாங்க ஆஸ்பத்திரியும் சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும், தனியார் கல்லூரி மாணாக்கருக்கும் முறையாக இடம் ஒதுக்கி வழிகாட்டலாம்.

பார்மஸி கவுன்சிலும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவச் சர்வகலாசாலையும், சர்க்காரும் இவ்விஷயத்தைக் காலதாமதமின்றிக் கவனிப்பது அவசியம். கொங்கு நாட்டுப் பெற்றோர்களும் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கும்போது கட்டிடத்தின் உயரத்தைக் கேட்பதோடு நில்லாமல், "என் மகள் எத்தனை மணி நேரம் நோயாளியின் முன் நிற்பாள்?" என்றும் கேட்கத் தொடங்க வேண்டும். அக்கேள்வி வலுப்பெறும் நாளிலேதான் வெறும் சான்றிதழ்களுக்கு மதிப்புக் குறையும்.