நூறாண்டு நாடகக் குழுவும் நாஞ்சில் நாட்டின் கடனும்

1925ஆம் ஆண்டில் தோன்றிய நாடகக் குழு ஒன்றற்கு 2025ஆம் ஆண்டோடு நூறாண்டு நிறைந்தது. தி. க. சங்கரன், தி. க. முத்துசாமி, தி. க. சண்முகம், தி. க. பகவதி என்னும் உடன்பிறந்தார் நால்வர் கட்டி வளர்த்த குழு அது. டி. கே. எசு. உடன்பிறந்தார் என்றால் அறியாத தமிழ் ஊர் அந்நாளில் இல்லை. நூற்றாண்டு என்றதும் தமிழ்நாட்டில் வழக்கமாக நடப்பது யாது? ஒரு படத்திறப்பு, ஒரு பொன்னாடை, மூன்று மணி நேரச் சொற்பொழிவு, மறுநாள் மறதி! அறிஞனுக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டாலும், நாடகக் குழுவிற்கு அது போதாது. நாடகக் குழுவின் ஆண்டு விழா நாடகத்தால் நடைபெற வேண்டும். திரை உயர வேண்டும். விளக்கு எரிய வேண்டும். தமிழ் ஒலிக்க வேண்டும். அது நாஞ்சில் நாட்டில் நடைபெற வேண்டும் என்பதற்குத் தனிக் கரணியமும் உண்டு.

முதலில் ஓர் இடர்ப்பாட்டைத் தீர்த்துக்கொள்ளல் நன்று. அக்குழுவின் தொடக்கப் பெயர் சிரீ பால சண்முகானந்த சபா. அப்பெயரில் மருந்துக்கும் தமிழ் இல்லை. அதன் தொடக்க நாடகங்களின் உரையாடலிலும் வடசொற்கள் மலிந்து கிடந்தன. இதனைக் காட்டித் தனித்தமிழ் அன்பர் சிலர், இவர்க்கு விழா எடுப்பது நம் வேலையா என்று வினவக்கூடும். வினா நேரியதே. ஆயினும் விடையைப் பெயர்ப் பலகையில் தேடலாகாது. நடிகர் நாவில் தேட வேண்டும்.

அந்நாவைப் பழக்கியவர் சங்கரதாசு அடிகளார். 1867இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்த அப்பெரியார், 1918இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழு ஒன்றை அமைத்தார். உடன்பிறந்தார் அங்கே பயின்றவர்களே. சிறுவன் சண்முகம் நடிப்பதற்கென்று அபிமன்யு சுந்தரி நாடகத்தை அடிகளார் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. தெருவில் ஆடிய கூத்தின் பாட்டையும், மேடையில் பேசிய உரையாடலையும் இணைத்து, வெண்பாவும் விருத்தமும் சிந்தும் கண்ணியும் எழுத்தறியாத மக்களின் காதில் விழச் செய்தவர் அவர். சண்முகனார் தம் ஆசிரியரைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றி நூலும் எழுதினார்.

தலைமையாசிரியர் என்னும் அச்சொல்லை ஊன்றி நோக்குக. நாடகக் குழு அந்நாளில் ஒரு பள்ளியாகவே இயங்கிற்று. விடியலில் எழுந்து பாட்டு மனப்பாடம், பின்னர் உரையாடல் மனப்பாடம், பின்னர் ஒலிப்பு. ழகரம் பிறழ்ந்தால் மீண்டும் சொல்ல வேண்டும். றகரமும் ரகரமும் மயங்கினால் மீண்டும் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருக்கும் உழவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக எட்ட வேண்டும். எட்டாவிடில் அவன் அடுத்த நாள் வரமாட்டான். குழுவிற்குச் சோறு இராது. வயிற்றுப் பாட்டோடு பிணைந்த ஒலிப்புப் பயிற்சி அது. இன்று தொலைக்காட்சியில் தமிழ் என்பதனையே டமில் என்று பலுக்கும் நாக்குகளுக்கு ஊதியம் கிடைக்கிறது. அன்று அத்தகைய நாக்கிற்கு மேடையே கிடைத்திராது.

அப்பள்ளியில் குறைகள் இல்லாமல் இல்லை. சிறு அகவையிலேயே பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராக அலைந்த பிள்ளைகள் ஏட்டுக் கல்வியை இழந்தனர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த நாளில், பெண் கோலம் பூண்டு பேரெடுத்த சிறுவனுக்கு வேலையின்றிப் போவதும் உண்டு. பழைய சிறுவர் குழு முறையை மீண்டும் கொணர்க என்று எவரும் சொல்லார். கொணர வேண்டியது அப்பயிற்சியை மட்டுமே.

இனி நாஞ்சில் நாட்டிற்கு வருவோர் ஒன்றனை மறத்தலாகாது. 1956 நவம்பர் 1 வரையில் இம்மண் திருவிதாங்கூர் ஆட்சியிலும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியிலும் இருந்தது. பேசுவது தமிழ், ஆள்வது பிறமொழி என்னும் நிலையில் வாழ்ந்த மக்களுக்கு நாடகக் கொட்டகை வெறும் பொழுதுபோக்கு இடம் அன்று. அலுவலகத்தில் கூனிக் குறுகி நின்ற தமிழ், கொட்டகை மேடையில் மன்னனாக நிமிர்ந்து நின்றது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, கொட்டகையில் தின்பண்டம் விற்று வறுமையோடு வளர்ந்த ஓர் இளைஞர் இந்த உடன்பிறந்தார் குழுவில்தான் சேர்ந்தார். அவரே பின்னாளில் கலைவாணர் என்று தமிழுலகம் கொண்டாடிய என். எசு. கிருட்டிணன். தென்குமரியின் வில்லுப்பாட்டை நகர மேடைகளுக்கும் கொண்டு சென்று, காந்தியடிகள் வாழ்க்கையையே வில்லில் பாடிக் காட்டியவர் அவர். 1957இல் அவர் மறைந்தபோது, பிறந்த மண் தமிழகத்தோடு இணைந்து ஓராண்டுகூட நிறைந்திருக்கவில்லை.

அவ்விணைப்பு எளிதில் வந்ததன்று. 1945இல் நாகர்கோவிலில் உருவான திருவிதாங்கூர் தமிழர் இயக்கமும், நேசமணி அவர்களின் தலைமையும், 1954 ஆகத்து 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையின் குண்டுகளுக்கு இரையானோரின் ஈகமும் சேர்ந்தே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களை மீட்டன. அப்போராட்டக் காலத்தில் எல்லை மீட்புக்கு வடக்கிலும் தெற்கிலும் குரல் கொடுத்தது ம. பொ. சி. அவர்களின் தமிழரசுக் கழகம். அக்கழகத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் தி. க. சண்முகனார். நடிகர் என்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தமிழ் நிலத்தின் எல்லைக்காகவும் நின்றார். நாஞ்சில் நாடு கொண்டாடக் கடன்பட்டது என்பது இதனாலேயே.

குழுவின் நாடகங்களும் காலத்தோடு வளர்ந்தன. தொன்மக் கதைகளில் தொடங்கிக் குமுகாயக் கதைகளுக்கு வந்தனர். 1944இல் ஈரோட்டில் தமிழ் நாடக மாநாடு கூட்டி நாடகக் கலைஞர்க்குத் தலைநிமிர்வு தேடினர். ஔவையாரையும் இராசராச சோழனையும் மேடையேற்றினர். முப்பது அகவையை ஒட்டிய ஆண்மகன் நரைமூதாட்டியாகிய ஔவையாக வாழ்ந்து காட்டியதால், ஔவை சண்முகம் என்றே பெயர் நிலைத்தது. 1996இல் ஔவை சண்முகி என்னும் திரைப்படம் வந்தது. அதில் நடித்த கமலகாசன் சிறு அகவையில் சண்முகனாரின் குழுவில் பயின்றவர். அப்படத்தைக் கண்டு சிரித்த இளைஞர் பல்லாயிரவர். அப்பெயர் யாரிடமிருந்து வந்தது என்று அறிந்தவர் எத்துணைப் பேர்? 1973இல் மறைந்த ஒரு கலைஞர்க்கு ஒரு நகைச்சுவைப் படத்தின் தலைப்பே நினைவுச் சின்னம் ஆவதா?

இங்குத் தனித்தமிழ் அன்பர்கள் தம் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். சுந்தரனார் மனோன்மணீயம் யாத்தது 1891இல். பரிதிமாற்கலைஞர் நாடகவியல் கண்டது 1897இல். மறைமலையடிகளார் காளிதாசனின் சாகுந்தலத்தையே தமிழாக்கித் தந்தார். பாவேந்தரின் இரணியன் நாடகம் அரங்கேறியது 1934இல். அதன் பின்னர்? 1916இல் பிறந்த தனித்தமிழ் இயக்கம் அகரமுதலிகள் தந்தது, பாவியங்கள் தந்தது, கலைச்சொற்கள் தந்தது. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு மக்கள் வரிசையில் நின்று பார்க்கும் நாடகங்களை எத்துணைத் தந்தது? தூய தமிழ் கட்டுரையில் மட்டும் வாழுமாயின் அது புலவர் வீட்டுப் பேழையில் பூட்டிய பொன்னாகவே இருக்கும். மேடையில் ஏறி, மீன் விற்கும் பெண்ணின் வாயிலும், நாற்று நடும் உழவனின் வாயிலும் இயல்பாக ஒலிக்கும்போதுதான் அது செலாவணிக் காசாகும்.

அவ்வாறு ஒலிக்குமா என்று ஐயுறுவோர் குமரி மாவட்டத்துச் சிற்றூர்களில் காது கொடுத்துக் கேட்கட்டும். நினைவை ஓர்மை என்பர் ஊரார். ஓர்தல் என்னும் பழஞ்சொல்லின் வழி வந்தது அது. சொல்லுதலைப் பறைதல் என்பர். குடிக்கும் நீரை வெள்ளம் என்பர். இவற்றை மலையாளம் என்று எள்ளி நகையாடும் படித்தோர் உளர். சேர நாட்டிற்கும் சோழ நாட்டிற்கும் பாண்டிய நாட்டிற்கும் ஒரே தமிழ் வழங்கிய காலத்தின் எச்சங்கள் இவை என்பதனை அவர் அறியார். ஞாபகம் என்று உரையாடல் எழுதும் நாடக ஆசிரியர்க்கு, ஓர்மை என்னும் சொல்லை எழுத்தறியாப் பாட்டி ஒருத்தி கையில் எடுத்துக் கொடுப்பாள். தூய தமிழை வலிந்து புகுத்த வேண்டுவதில்லை; ஊர் வாயில் இருப்பதை மேடைக்கு ஏற்றினாலே பாதி வேலை முடியும்.

ஆகலின், நூற்றாண்டு விழாவிற்கு நாஞ்சில் நாடு செய்யத்தக்கது இதுவே. நாகர்கோவிலில் நான்கு இரவுகள் நாடகம் நடக்கட்டும். முதல் இரவு, சங்கரதாசு அடிகளாரின் கோவலன். பாட்டுகள் குறையாமல், வடசொல் மிகுந்த உரையாடல் மட்டும் தமிழாக்கப்பட்டு. இரண்டாம் இரவு ஔவையார். மூன்றாம் இரவு, அரு. இராமநாதனின் இராசராச சோழன். நான்காம் இரவு, இதுவரை மேடை காணாத புது நாடகம் ஒன்று: 1954இன் மார்த்தாண்டமும் புதுக்கடையும், ஊர்ப் பேச்சிலேயே எழுதப்பெற்று. நடிகர்கள் மாவட்டத்துப் பள்ளி மாணவரும் மாணவியரும் ஆகட்டும். இன்று பெண் கோலத்திற்கு ஆணைத் தேட வேண்டியதில்லை. ஆறு திங்கள் ஒலிப்புப் பயிற்சி அளிக்கத் தமிழாசிரியர்கள் முன்வரட்டும். ஆண்டுதோறும் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் ஒரு நாடகம் என்று அது தொடரட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு திருமண மண்டபத்தில் ஓர் இரவு மின்விளக்கிற்கும் மலர்களுக்கும் கொட்டும் பணத்தில் ஒரு நாடகம் அரங்கேறிவிடும்.

விழாக் குழுவின் பெயர்ப் பலகை தமிழில் இருக்கட்டும். சபா வேண்டா, மன்றம் என்றே இருக்கட்டும். ஆனால் பலகையோடு மனநிறைவு கொள்ளுதல் ஆகாது. வடமொழிப் பெயர் தாங்கிய குழு ஒன்று ழகரம் பிறழாத தமிழை ஊர் ஊராகச் சுமந்து சென்றது. தூய தமிழ்ப் பெயர் தாங்கிய மன்றங்கள் அதனினும் மிகுதியாகச் சுமக்க வேண்டாவா? நூறாண்டுக்கு முன் பெற்றோரைப் பிரிந்த சிறுவர்கள் பசியோடு செய்த பணியை, ஊர்தோறும் பள்ளியும் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் பெற்ற தலைமுறை செய்ய இயலாதெனின், அக்குறை கருவியின்மையால் வந்ததாகாது, மனமின்மையால் வந்ததே. நாஞ்சில் நாட்டு இளையோரே, திரையை உயர்த்துங்கள்! கடைசி வரிசை உழவன் தமிழ் கேட்கக் காத்திருக்கிறான்!