இரண்டு பெயரில் ஒரு பத்திரம்



டோல்கேட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும், துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரும் தாலி கட்டாமல் ஒன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். இரண்டு பேர் பெயரிலும் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். இப்போது பிரிந்துவிட்டார்கள். அக்காவிடம் மிச்சம், மஞ்சள் பையில் மடித்து வைத்த, ஃபிளாட்டுக்காக வாங்கிய நகைக்கடன் ரசீதுகள்தான்.

அந்த ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். பத்திரத்தில் பங்கு எழுதாவிட்டால், 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி அவரவர் போட்ட பணத்துக்கேற்பவே பங்கு. ஆதாரம் இல்லையென்றால் சரிபாதி. சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். சுவர் வைத்துப் பிரிக்க முடியாத ஃபிளாட்டை, 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி கோர்ட் விற்று பணத்தைப் பங்கிடலாம். ஒருவர் விற்கக் கேட்டால், மற்றவர் கோர்ட் மதிப்பிட்ட விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளவும் வழியுண்டு.

பேசி முடித்தாலும் செலவு விடுவதில்லை. குடும்பத்தாருக்குள் ஒருவர் தன் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. இவர்கள் சட்டத்தின் கண்ணில் குடும்பம் இல்லை, அதனால் 7 சதவீதம். 2021-இல் மெட்ரோ வந்தபின் இங்கே மனை விலை எங்கேயோ போய்விட்டது. வீட்டு வேலை செய்யும் அக்கா அந்தத் தொகைக்கு எங்கே போவார்?

கூட்டாக வாங்கி, பிரியும்போது ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கும் குடியிருப்புக்கும் அந்த உச்சவரம்பைப் பதிவுத்துறை நீட்டிக்க வேண்டும். கிரயப் பத்திரத்திலேயே யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதச் சொல்லி, பதிவின்போதே கேட்க வேண்டும்.

– ஒரு வாசகி, டோல்கேட், சென்னை