வெள்ளி செய்தது சரியா?



சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு கதைப் புத்தகத்தால் சின்னச் சண்டையே வந்துவிட்டது. குழாயடியில் அல்ல, என் வீட்டுத் திண்ணையில்!

புத்தகம், சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது என் அம்மா வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். பரண் சுத்தம் செய்யும்போது அது கிடைத்தது. தூசி தட்டி நான் படித்து முடிப்பதற்குள், 'அடுத்து எனக்கு' என்று நாலு பேர் கை நீட்டிவிட்டார்கள்.

கதை இதுதான். நாட்டுப் பாடல்களைத் திரட்டுவதற்காகக் கல்யாணராமன் என்ற பட்டணத்து இளைஞன் ஒரு கிராமத்துக்கு வருகிறான். பழைய ஜமீன் வீட்டில் தங்குகிறான். ராத்திரியானால் அங்கே என்னென்னவோ சத்தம். ஊர்ப் பெண் வெள்ளியின் மேல் அவனுக்கு ஆசை. அவளுக்கோ மாமன் மருதமுத்துதான் உயிர். ஜமீன் குடும்பத்து சினேகலதா நாகரிகமாக வந்து இறங்கியதும் மருதமுத்துவின் மனம் தடுமாறுகிறது. பிறகு ஒரு கொலை! கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் என்னைத் திட்டுவார்கள். 1981-ல் பிரதாப் போத்தன், ஸ்ரீபிரியா நடித்துப் படமாகவும் வந்தது.

சிவகிரியும் ஜமீன் இருந்த ஊர்தானே? அதனால் எங்களுக்கு ருசி கூடுதல். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "பிள்ளைக்குப் பால் குடுக்க ராத்திரி எந்திரிக்கவே பயமா இருக்குக்கா. ஆனா புஸ்தகத்தைக் கீழ வைக்கவும் முடியல" என்றாள். கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்கோ கதாநாயகனையே பிடிக்கவில்லை. "பாட்டு சேகரிக்க வந்தவன் பாட்டை மட்டும் பாக்கணும். பட்டிக்காட்டுப் பொண்ணுன்னா அவனுக்கு வேடிக்கையா?" என்று ஒரே போடு. ஆனால் கதையில் வரும் பாடல்களைப் படித்ததும் அவருக்கு நடவுப் பாட்டு ஞாபகம் வந்து, பாதி அடி வரை முணுமுணுத்தார். இன்னொருத்திக்கு சினேகலதாவுக்காக வருத்தம். "நாகரிகமா இருக்கிறவன்னாலே கெட்டவளாத்தான் காட்டணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பெரிய சண்டை வெள்ளியைப் பற்றித்தான். மனம் தடுமாறிப்போன மருதமுத்துவைத்தானே அவள் கடைசியில் ஏற்றுக்கொள்கிறாள்? "படிச்ச பையன் உசிரையே விடுதான், இவளுக்கு ஏன் புத்தி இப்படிப் போகுது?" என்று ஒரு கட்சி. "மாமனை விட்டுட்டு வந்தவன் பின்னால போவாளா?" என்று மறு கட்சி. இரண்டாவது கட்சியில் உரக்கப் பேசியது நான்தான்.

அப்போது, தாயோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "வெள்ளி அவளா ஆசைப்பட்டு ஏத்துக்கிட்டா. என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே அத்தை."

திண்ணையே அடங்கிவிட்டது. படிப்பு முடிந்ததும் அவளைத் தாய்மாமனுக்கே கொடுப்பதென்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் மனதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அவள் தாய் முகம் சிவந்து, "இதுக்குத்தான் வயசுப் பிள்ளை கையில கதப் பொஸ்தகம் கூடாதுங்கிறது" என்று மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் அத்தை மகனைக் கட்டியவள்தான். குறை ஒன்றும் இல்லை. ஆனால் என்னையும் யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாதபோது, வெள்ளிக்காக அத்தனை உரக்கப் பேசியது எதற்காக?

இரண்டு நாள் கழித்து அந்தத் தாய் தானாக வந்தாள். "தம்பி முகத்துல எப்படி முழிப்பேன் மதினி?" என்று அழுதாள். பெண்ணின் விருப்பம்தான் முதலில் என்றேன். பிறகு டாக்டர்கள் சொல்வதையும் எடுத்துச் சொன்னேன். நெருங்கிய சொந்தத்தில் ஒரே பரம்பரைக் குறை இருவரிடமும் மறைந்திருக்கலாம். அது பிள்ளையிடம் வெளிப்படும் வாய்ப்பு அந்நியத்தில் கட்டுவதைவிட அதிகம். தாய்மாமன் உறவு, அத்தை மகன், மாமன் மகன் உறவைவிட இன்னும் நெருக்கம். எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஆகும் என்பதல்ல. கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னும் முடிவு ஆகவில்லை. மகளின் பரீட்சை முடியட்டும் என்று பேச்சைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஆனால் தாயும் மகளும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

அதனால் ஒன்று சொல்கிறேன், சகோதரிகளே. வயதுப் பெண் கதைப் புத்தகம் படிக்கிறாள் என்று பிடுங்கி வைக்காதீர்கள். நீங்களும் படியுங்கள். "இதில் உனக்கு யாரைப் பிடிச்சிருக்கு? ஏன்?" என்று கேளுங்கள். தன்னைப் பற்றி வாய் திறக்காத பெண், கதையில் வருகிறவளைப் பற்றி மனம்விட்டுப் பேசுவாள்.

அம்மாவின் பைண்டு புத்தகம் இப்போது எங்கே என்கிறீர்களா? அந்தத் தாய்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். கொலை நடந்த இடம் வரை வந்துவிட்டாளாம்!