நாள் முழுக்க அட்மினாக உட்கார வேண்டுமா?

பதிவு கொஞ்சம் நீளம். கடையிலோ ஆபீசிலோ கம்ப்யூட்டர் முன் உட்காருபவர்கள் மட்டுமாவது முழுசாகப் படியுங்கள்.

நம் பக்கம் நான் பார்த்த கம்ப்யூட்டர்களில் முக்கால்வாசி, திறந்ததுமே அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில்தான் நிற்கின்றன. லெட்டர் அடிப்பது, மெயில் பார்ப்பது, பிள்ளைகள் படம் பார்ப்பது எல்லாம் அதிலேயே. பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பள்ளியில் தலைமையாசிரியர் சீல் பீரோவில் இருக்கும். டி.சி. கொடுக்க வேண்டுமா, எடுப்போம், குத்துவோம், பூட்டிவிடுவோம். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனவர் உண்டா? கம்ப்யூட்டரில் நீங்கள் யாராக நுழைந்திருக்கிறீர்களோ, நீங்கள் திறக்கும் புரோகிராமுக்கும் அவருடைய அதிகாரம்தான். வைரஸும் ஒரு புரோகிராம்தானே. அட்மின் கணக்கில் விண்டோஸ் அனுமதி கேட்டாலும் 'யெஸ்' என்று ஒரு அமுக்கு, முடிந்தது.

இதற்கு வழி எப்போதோ வந்துவிட்டது. லினக்ஸில் இருக்கும் 'சூடோ' 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. விண்டோஸில் 'ரன்ஆஸ்' கட்டளை 2000-லேயே வந்தது. சாதாரணக் கணக்கில் இருந்துகொண்டே, ஒரே ஒரு கட்டளையை மட்டும் அட்மின் பெயரில் ஓட்டலாம். சூடோ, ஒருமுறை பாஸ்வேர்டு கேட்டால் சில நிமிடம்தான் நினைவில் வைத்திருக்கும். நம்ம ஊர் வாடிவாசலில் சுற்று முடிந்ததும் வீரர்களை வெளியே அனுப்புகிற மாதிரி.

"பில் போடும் பழைய சாஃப்ட்வேர் அட்மின் இல்லாமல் ஓடாது சார்" என்பார்கள். சரி, அதை மட்டும் ரன்ஆஸில் திறங்கள். தினமும் பாஸ்வேர்டு அடிக்கச் சலித்து, அதைச் சேமித்துவைக்கும் 'சேவ்கிரெட்' வசதியைப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் அந்தக் கணக்கில் உட்காருகிற யாரும் அட்மின் பெயரில் எதையும் ஓட்டலாம்.

ஒரு கடைக்கு இவ்வளவு தேவையா என்றால், 2019-ல் கூடங்குளத்தில் நடந்ததைப் பாருங்கள். நிர்வாக வேலைக்கான வலையமைப்பில் ஒரு கம்ப்யூட்டருக்கு வைரஸ் தொற்றியதை அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முதல் நாள்வரை மறுப்புதான்! உலையை இயக்கும் பகுதி தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். வைரஸைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே ஒரு கட்டளை வரியைக் கண்டார்கள். கூடங்குளம் வலையமைப்பின் அட்மின் பெயரும் பாஸ்வேர்டும் அதிலேயே எழுதியிருந்தது. யாரோ ஒருவன் அட்மின் பெயரில் கட்டளை போட ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான். அங்கேயே அப்படி என்றால், மானிட்டரில் ஒட்டிவைத்திருக்கும் நம் பாஸ்வேர்டு எம்மாத்திரம்?

இன்றைக்கே அன்றாட வேலைக்கு ஒரு 'ஸ்டாண்டர்டு' கணக்கு தொடங்குங்கள். இருக்கிற கணக்கையே மாற்றுவதானால், முதலில் வேறொரு அட்மின் கணக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்களே வெளியில் நிற்பீர்கள். அட்மின் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி, பத்திரம் வைக்கிற பீரோவில் வையுங்கள்.