நூறில் ஒரு விநாடி

1984-ம் ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி. பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் பந்தயம்.

மொராக்கோ நாட்டு நவால் முதலில் வந்தார். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் இரண்டாவது. அடுத்து இரண்டு பெண்கள் ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். ஒருவர் ருமேனியாவின் கோஜோகாரு. மற்றவர் கேரளத்துப் பெண் பி.டி.உஷா.

வெண்கலப் பதக்கம் யாருக்கு? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கேமரா சொன்னது. கோஜோகாரு 55.41 விநாடி. உஷா 55.42 விநாடி.

நூறில் ஒரு விநாடியில் பதக்கம் போயிற்று!

இது அநியாயம் என்று அன்று பலர் வருந்தினார்கள். வருத்தம் சரிதான். ஆனால் அநியாயம் அல்ல. உஷா ஓடிய வேகத்தில், நூறில் ஒரு விநாடி என்பது சுமார் நான்கு விரற்கடை தூரம். நான்கு விரற்கடை முந்தியவர் முந்தியவர்தான். அதைக் கண்டுபிடித்துச் சொல்வதே நீதி.

எது முந்த வேண்டும்?

ஓடுகிறவரின் கை முதலில் கோட்டைத் தாண்டினால் போதுமா? போதாது. தலை? அதுவும் கணக்கில் இல்லை. கால்? இல்லவே இல்லை. மார்பும் வயிறும் சேர்ந்த நடு உடம்புதான் கணக்கு. அதில் ஏதாவது ஒரு பகுதி, முடிவுக் கோட்டின் முன் ஓரத்துக்கு நேராக வரும் கணமே ஓட்டம் முடிந்த கணம். கடைசி அடியில் வீரர்கள் மார்பை முன்னே சாய்ப்பது இதற்காகத்தான்.

நூலை அறுத்தவரே வென்றவர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. நூல் நடுவர்களின் கண்ணுக்கு ஓர் உதவி, அவ்வளவுதான்.

கேமரா செய்யும் வேலை

பெரிய பந்தயங்களில் துப்பாக்கியும் கடிகாரமும் இணைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கி வெடித்ததும் கடிகாரம் தானாக ஓடத் தொடங்கும். முடிவுக் கோட்டில் இருக்கும் கேமரா வேறு எதையும் பார்க்காது. கோட்டை மட்டும் பார்க்கும். விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அந்தக் கோட்டைப் படம் எடுத்து, வரிசையாக ஒட்டிக் கொடுக்கும். யார் எப்போது தாண்டினார் என்பது அதில் தெளிவாகத் தெரியும்.

2024-ம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 100 மீட்டர் ஓட்டம். முதல் இருவருக்கும் 9.79 விநாடி. யார் முதல்வர்? ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்தார்கள். அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 9.784. ஜமைக்காவின் கிஷேன் தாம்சன் 9.789. லைல்சுக்குத் தங்கம்!

கைக்கடிகாரத்தின் குறை

கையால் அழுத்தும் ஸ்டாப் வாட்ச் இவ்வளவு நுட்பமாகச் சொல்லுமா? சொல்லாது. 1960-ம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் நடந்ததே சாட்சி. நம் மில்கா சிங் நான்காவதாக வந்த 400 மீட்டர் ஓட்டம் அது. முதல் இருவரான ஓட்டிஸ் டேவிஸ், கார்ல் காஃப்மன் இருவருக்கும் கைக்கடிகாரம் 44.9 விநாடி என்றே காட்டியது. கேமராக் கணக்கில் டேவிசுக்கு 45.07. காஃப்மனுக்கு 45.08. டேவிஸ் வென்றார்.

கைக்கடிகாரம் நேரத்தைக் குறைத்துக் காட்டியதைக் கவனியுங்கள். காரணம் என்ன? வெடி திடீரென்று வருகிறது. அதைக் கண்டு விரல் அழுத்தச் சற்றுத் தாமதம் ஆகிறது. முடிவில் ஓடி வருபவரைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. அங்கே தாமதம் இல்லை. இதனால் 100 மீட்டரில் சுமார் கால் விநாடி குறைந்துவிடும்.

ஓர் ஊரில் ஒரு பையனுக்குக் கைக்கடிகாரத்தில் 11.2 விநாடி. வேறு ஊரில் இன்னொரு பையனுக்கு மின் கடிகாரத்தில் 11.4 விநாடி. முதல் பையனே வேகமானவன் என்று தேர்ந்தெடுத்தால், இரண்டாமவனுக்கு அநீதி செய்ததாகும். உண்மையில் இருவரும் ஏறக்குறைய சமம்!

செலவில்லாத நீதி

எல்லாப் பள்ளிகளும் கேமரா வாங்க முடியாது. ஆனால் விதிகளைக் கடைப்பிடிக்கப் பணம் வேண்டியதில்லை.

துப்பாக்கியின் புகையைப் பார்த்துக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாது. சத்தம் 100 மீட்டர் கடந்து வருவதற்குள் சுமார் 0.3 விநாடி போய்விடும்.

நேரம் குறிப்பவர்கள் முடிவுக் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்வாக நின்றால் பின்னால் வருபவர் முந்தியதாகத் தோன்றும்.

ஒருவருக்கு மூன்று கடிகாரம் வேண்டும். இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவில் உள்ளது. ஒருவர் கடிகாரத்தை மற்றவர் பார்க்கக் கூடாது.

இவை உலகம் முழுவதும் உள்ள விதிகள். ஆனால் பள்ளி விழா என்றால், "ஏதோ ஒரு நேரம் போடு" என்ற அலட்சியம் வந்துவிடுகிறது. அது கூடாது. விடியற்காலையில் எழுந்து மாதக்கணக்கில் ஓடிப் பழகிய குழந்தைக்கு, அந்த எண்தான் கூலி. அரிசியைக் குறைத்து அளந்தால் சண்டைக்குப் போகிறோம். குழந்தையின் உழைப்பைக் குறைத்து அளக்கலாமா?

உஷா தோற்றார். ஆனால் எவ்வளவு தூரத்தில் தோற்றார் என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த உண்மையாவது ஓடுகிற ஒவ்வொரு குழந்தைக்கும் கிடைக்க வேண்டும்.