உண்ணிக் காய்ச்சலும் மாட்டின் உள்வலிமையும்

திருவள்ளூர் ஜில்லாவில் வள்ளூர், மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் அனல்மின் நிலையமும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டபோதிலும், கறவைமாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. சென்னை நகரம் அண்மையில் இருப்பதால் பாலுக்குக் கிராக்கி உண்டு. ஆகவே கடன்பட்டேனும் கலப்பினப் பசுவை வாங்கிக் கட்டுவோர் பலர். அவ்வாறு வெளியூரிலிருந்து வந்த பசு, கொழுத்து அழகாக இருந்தும், சில வாரங்களில் கடுஞ்சுரங் கண்டு மாண்டுபோவதுண்டு. அதே உண்ணிகள் மொய்த்த நாட்டுமாடோ பக்கத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும். இதனை விதியின் செயலென்று கருதுதல் தவறு.

உண்ணியே இத்தகைய நோயைப் பரப்புகின்றதென்று அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் 1893-ஆம் ஆண்டில் நிலைநாட்டினர். அவர்கள் ஆராய்ந்த பபீசியா என்னும் கிருமி சிவப்பணுக்களுள் புகுந்து அவற்றைச் சிதைக்கும். மாட்டின் சிறுநீர் செந்நிறமாகும். தைலேரியா என்னும் மற்றொரு கிருமியோ, உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்களுள்ளேயே குடிபுகுந்து, அவற்றைத் தன்னுடன் பெருகச் செய்கின்றது. நெறி வீங்குதலும் கடுஞ்சுரமும் சோகையும் அதன் குறிகளாம்.

உடல் வாளாவிருப்பதில்லை. பபீசியா புகுந்த அணுக்களை மண்ணீரல் பிடித்து அழிக்கின்றது. தைலேரியா புகுந்தவற்றை வேறு வெள்ளணுக்கள் இனங்கண்டு கொல்கின்றன. தேறிய மாட்டில் சிறிதளவு கிருமி பெரும்பாலும் தங்கி, எதிர்ப்புச் சக்தியை விழிப்புடன் வைத்திருக்கும். நாட்டுமாடுகளில் இப்போர் அளவோடு நடக்கின்றது. சீமை இரத்தம் மிகுந்த மாடுகளிலோ அழற்சி அளவுகடந்து, காக்க வந்த சேனையே ஊரைக் கொளுத்தினாற்போல் முடிகின்றது.

கன்றுகள் ஏறத்தாழ ஒன்பது மாதம் வரை பபீசியாவைப் பெரும்பாலும் தாங்கும். அப்பருவத்தில் நோய் இலேசாக வந்து தேறினால், காப்பு நெடுங்காலம் நிற்கும். உண்ணியே காணாது வளர்ந்த பசுவுக்கு அக்காப்பு இல்லை. ஆதலின் அதுவே முதலில் வீழ்கின்றது. தைலேரியாவினாலோ கலப்பினக் கன்றுகளும் இறக்கின்றமையால், இயற்கையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. இந்நோய்க்கு, வீரியங் குறைத்த கிருமியைக் கொண்ட தடுப்பூசி இந்தியாவிலேயே தயாரிக்கப்பட்டுள்ளது.

உண்ணியை அடியோடு ஒழிப்பதே வழி என்பாரும் உளர். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் மேய்ச்சல் நிலமெங்கும் பரவும். மருந்தை அளவு குறைத்து அடிக்கடி தெளிப்பதால், அம்மருந்துக்கு அஞ்சாத உண்ணிகளே மிஞ்சுகின்றன. நாட்டின் பல பகுதிகளில் இது கண்டறியப்பட்டுள்ளது. உண்ணியைக் குறைத்தல் வேண்டியதே. எனினும் மருந்துப் புட்டியை மட்டும் நம்பி, மாட்டின் உள்வலிமையைப் புறக்கணித்தல் பெரும் பிழையாகும்.

செய்யவேண்டியவை அரியன அல்ல. கன்று பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பாலை வயிறார ஊட்டுக. தாயின் காப்பு அதன்வழியே கன்றைச் சேரும். கொட்டிற் சுவரின் வெடிப்புகளைப் பூசி அடைத்திடுக. தைலேரியாவைப் பரப்பும் உண்ணி அங்கே ஒளிந்திருக்கும். தடுப்பூசியைப் பற்றிக் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்க. சுரமும் நெறிவீக்கமும் கண்டவுடன், நாட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாது மருந்தகத்துக்குச் சொல்லியனுப்புக; தொடக்கத்திலேயே புபார்வகுவோன் என்னும் மருந்தைச் செலுத்தினால் தைலேரியாவினின்று பிழைக்கும் மாடுகள் பல.

பால் மிகுதியை வேண்டிச் சீமை இரத்தத்தை மேன்மேலும் ஏற்றுதல் இவ்வெப்ப நாட்டில் விவேகமாகாது. பசு எத்தனை படி கறக்கும் என்று கேட்டு வாங்குவோர், அது எங்கே வளர்ந்தது, கன்றாயிருந்தபோது உண்ணியைக் கண்டதா என்பதையும் விசாரிப்பாராக. கடனை அடைப்பது உயிரோடிருக்கும் பசுவே யன்றோ?